அடைக்கோழியின் விஞ்ஞானம்

புறக்கடையில் நாலைந்து நாட்டுக்கோழிகளை வைத்துக் காப்பாற்றும் வீட்டார் அனைவருக்கும் நன்கு பழகிய காட்சி ஒன்று உண்டு. இரண்டு வார காலமாக ஒழுங்காக முட்டையிட்டு, இட்ட செய்தியைத் தெருவுக்கெல்லாம் கொக்கரித்து அறிவித்துவந்த பெட்டை, ஒரு நாள் கூடையை விட்டு இறங்க மறுக்கிறது. கையை நீட்டினால் இறகுகளைச் சிலிர்த்து, உடம்பை இரு மடங்காகப் பெருக்கிக்கொண்டு கொத்த வருகிறது. கம்பை வாரி இறைத்தாலும் மற்றக் கோழிகளைப் போல ஓடி வருவதில்லை. அடியிலிருக்கும் முட்டைகளை எடுத்துவிட்டாலும் வெறும் வைக்கோலின்மேல் படுத்தே கிடக்கிறது. கோழி அடைக்குப் படுத்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்லி, அடை வைப்பதா, அடையைத் தெளிவிப்பதா என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

வணிகப் பண்ணையின் கணக்கில் இது ஒரு பெருங்குற்றம். அடைக்குப் படுத்த கோழி முட்டையிடாது. மூன்று வாரம் அடைகாத்த பிறகும், குஞ்சுகளோடு திரியும் மாதங்களில் அதனிடமிருந்து ஒரு முட்டையும் கிடைக்காது. நாட்டுக்கோழி ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைகளோடு நின்றுவிட, நாமக்கல் பண்ணைகளின் கூண்டுகளில் இருக்கும் வெள்ளை லெகார்ன் வம்சத்துக் கோழி 300க்கு மேல் இடுகிறது என்றால், அந்த வித்தியாசத்துக்குரிய காரணங்களில் முக்கியமானது, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததன் பயனாக, அடைக்குப் படுக்கும் சுபாவம் லெகார்னிடமிருந்து ஏறக்குறைய முற்றிலும் அகன்றுபோனதுதான். அந்தக் கோழிக்குப் பதிலாக மின்சாரத்தால் இயங்கும் பொரிப்பகம் முட்டைகளைப் பொரிக்கிறது. பல்லாயிரம் கோழிகளை வைத்திருப்பவருக்கு அது பொருத்தமான ஏற்பாடே. ஆனால் பத்துக் கோழிகளை மட்டும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு, மின்சாரமும் வெப்பமானியும் இல்லாமல் முட்டையைக் குஞ்சாக்கி, அக்குஞ்சுக்கு இரை தேடக் கற்றுக்கொடுத்து, பருந்திடமிருந்து காத்து, வளர்த்து ஒப்படைக்கும் ஒரு ஜீவனைக் குற்றமுடையதென்று சொல்வது எனக்குச் சம்மதமில்லை. புறக்கடைக் கோழி வளர்ப்புக்கு மூலதனமே இந்த அடையுணர்வுதான் என்பது என் திடமான அபிப்பிராயம். அது எவ்வாறு எழுகிறது, அந்த மூன்று வாரத்தில் கோழியின் அடியிலும் முட்டையின் உள்ளேயும் நிகழ்வன யாவை என்பவற்றை விஞ்ஞானம் பெரும்பாலும் கண்டறிந்துவிட்டது. அவற்றை அறிந்துகொண்டால், நம் வீடுகளில் வழிவழியாக வரும் அடைவைக்கும் வழக்கங்களில் எவை காரணத்தோடு கூடியவை, எவை கைவிடத் தக்கவை என்பதும் விளங்கும்.

வீட்டுக்கோழியின் மூதாதை, இமயமலையின் அடிவாரக் காடுகளிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை இன்றும் வாழும் சிவப்புக் காட்டுக்கோழி. இதை 1868ஆம் ஆண்டிலேயே சார்லஸ் டார்வின் வாதித்து எழுதினார். மரபணு ஆராய்ச்சிகள் பிற்காலத்தில் அவருடைய முடிவைப் பெரும்பாலும் உறுதிப்படுத்தின. பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம், நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளில் விடியற்காலையில் கூவும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்தும் ஒரு மரபணு வீட்டுக்கோழிக்குள் புகுந்திருக்கிறதென்றும், பல இனங்களின் கால்களும் தோலும் மஞ்சளாக இருப்பது அதனாலேயே என்றும் 2008இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். கோழியின் எலும்பென்று ஐயமின்றிச் சொல்லத்தக்க மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னும் தொல்லியல் களத்தில் கிடைத்திருக்கின்றன. அவற்றின் காலம் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டது. நெல்லும் தினையும் பயிரிட்ட குடியிருப்புகளைச் சுற்றிச் சிதறிய தானியமே காட்டுக்கோழியை மனிதனுடைய வாசலுக்கு வரவழைத்திருக்க வேண்டும் என்பது அவற்றை ஆராய்ந்தவர்களின் கருத்து. காட்டுக்கோழி ஒரு தடவைக்கு ஐந்தாறு முட்டைகளை இட்டு, உடனே அடைக்குப் படுத்துவிடும். நம்முடைய நாட்டுக்கோழி பன்னிரண்டு, பதினைந்து என்று இட்ட பிறகு அதையே செய்கிறது. ஆகையால் எண்ணிக்கையில் மாறியிருந்தாலும் ஒழுங்கில் அது இன்னும் காட்டுப் பறவையாகவே இருக்கிறது.

இந்த ஒழுங்கைத் தொடங்கி வைப்பது வெளிச்சம். பகற்பொழுதின் நீளத்தைக் கோழி தன் கண்ணால் மட்டும் அறிவதில்லை. மண்டையோட்டை ஊடுருவி மூளைக்குள் செல்லும் ஒளியை உணரும் உயிரணுக்கள் அதன் மூளையிலேயே இருக்கின்றன. குளிர்நாடுகளில் பகல் குறுகும்போது முட்டை நின்று, பகல் நீளும்போது மறுபடி தொடங்குவது அதனால்தான். தமிழ்நாட்டில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் 11 மணிக்கும் 13 மணிக்கும் இடையிலேயே ஊசலாடுவதால், நம் கோழிகளுக்கு அத்தகைய கண்டிப்பான பருவம் இல்லை. எந்த மாதத்திலும் ஏதேனும் ஒரு கோழி முட்டையிட்டுக்கொண்டும், மற்றொன்று அடையில் கிடந்துகொண்டும் இருக்கும்.

முட்டையிடும் காலத்தில் கோழியின் உடம்பு செய்யும் உழைப்பு சாமானியமானதன்று. சூலகத்திலிருந்து விடுபட்ட மஞ்சட்கரு, முட்டைக்குழாயில் இறங்கி, வெண்கருவால் சூழப்பட்டு, சவ்வுகளை அணிந்து, இறுதியில் ஓடு பூசப்பெற்று வெளிவருவதற்கு ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது; அதில் ஏறக்குறைய 20 மணி நேரம் ஓட்டுக்கு மட்டுமே செலவாகிறது. ஒரு நாளுக்கு 24 மணி நேரமே இருப்பதால், முட்டையிடும் வேளை ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகப் பின்தள்ளிப்போய், சில நாட்களுக்கு ஒருமுறை ஒரு நாள் விடுபட்டுவிடுகிறது. கோழி கள்ள முட்டையிடுகிறது என்று ஐயுற்று வேலியோரமெல்லாம் தேடுபவர்கள் இதையும் நினைவில் கொள்ள வேண்டும். பண்ணை முட்டை ஒன்றின் ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணச் சத்து இருக்கிறது. இரவில் இரையெடுக்காத வேளையில் ஓடு உருவாகும்போது, அந்தச் சத்தின் ஒரு பகுதியைக் கோழி தன் கால் எலும்புகளின் உள்ளே இதற்கென்றே சேமித்து வைத்திருக்கும் விசேஷமான எலும்புத் திசுவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சலை நொறுக்கிப் போடுவது அத்தியாவசியமான காரியம். அதைச் செய்யாத வீட்டில் ஓடு மெலிந்த தோல்முட்டையைக் கண்டு திகைப்பதில் பயனில்லை.

தினந்தோறும் முட்டைகளை எடுத்துவிட்டால் கோழி சற்று அதிகமாக இட்டுக்கொண்டே போகும். கூட்டில் முட்டைகள் சேரச்சேர அடையுணர்வு தலையெடுக்கும். வயிற்றின் அடிப்புறத்து இறகுகள் உதிர்ந்து, தோல் தடித்து, இரத்தக் குழாய்கள் பெருகி, சூடான ஒரு வெற்றிடம் அங்கே தோன்றுகிறது. அந்த வெறுந்தோலில் முட்டைகள் படும் ஸ்பரிசம் நரம்புகள் வழியாக மூளைக்குச் சென்று, பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்னும் ஹார்மோனை மேலும் மேலும் சுரக்கச் செய்கிறது. பாலூட்டிகளின் உடலில் பால் சுரப்பதற்குக் காரணமாகிய அதே ஹார்மோன்தான் இங்கே கோழியைக் கூட்டோடு பிணைத்து, சூலகத்தையும் சுருங்கவைக்கிறது. 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆஸ்கர் ரிடிலும் அவருடைய சகாக்களும், முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழிகளுக்குப் புரோலாக்டினை ஊசியால் செலுத்தி, அவற்றை அடைக்குப் படுக்கச் செய்து காட்டினார்கள். தாய்மையின் ஒரு பெரும் பகுதி இரத்தத்தில் ஓடும் ஒரு புரதத்தால் நடத்தப்படுகிறது என்ற உண்மை அந்தத் தாய்மையின் மதிப்பை எனக்குச் சிறிதும் குறைத்துக் காட்டவில்லை. அது எவ்வளவு ஆழமாக உடம்பிலேயே பதிந்திருக்கிறது என்ற வியப்பைத்தான் வளர்க்கிறது.

அடை வைக்க விருப்பமில்லாதவர்கள் கோழியை அடை தெளிவிக்கக் கையாளும் உபாயங்கள் பல. தண்ணீரில் முக்கி எடுப்பதும், உதிர்ந்த இறகு ஒன்றை மூக்குத் துவாரத்தில் குறுக்காகச் செருகி விடுவதும் நம் கிராமங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கங்கள். இவற்றுள் முதலாவதற்கு ஓரளவு நியாயம் உண்டு: வயிற்றின் உஷ்ணத்தைத் தணிப்பது அது. இரண்டாவது வெறும் ஹிம்சை. அதைச் செய்பவர்கள் கைவிட வேண்டும் என்று வற்புறுத்தியே சொல்வேன். முட்டையும் வைக்கோலும் வயிற்றில் பட்டுக்கொண்டிருக்கும் வரையில்தான் புரோலாக்டின் உயர்ந்து நிற்கும். ஸ்பரிசம் நின்றால் அது விரைவில் தாழ்ந்துவிடும். ஆகையால், அடியில் காற்றோட்டமுள்ள கம்பிவலைக் கூண்டில், வைக்கோல் இல்லாமல், இரையும் நீரும் வைத்து, வெளிச்சமான இடத்தில் சில நாட்கள் விட்டுவைத்தால் கோழி தானாகவே தெளிந்துவிடும்.

அடை வைப்பதென்று தீர்மானித்தவருக்கு முதற் காரியம் முட்டைகளைப் பொறுக்குவது. இதில் நேரும் பிழைகளே பின்னால் கூமுட்டைகளாக வெளிப்படுகின்றன. சேவல் சேராத கோழியும் முட்டையிடும், ஆனால் அது குஞ்சாகாது. சேவல் ஒருமுறை சேர்ந்த பிறகு, அதன் விந்தணுக்களைக் கோழி தன் முட்டைக்குழாயின் நுண்ணிய மடிப்புகளில் இரண்டு மூன்று வாரம் வரையில் உயிரோடு வைத்துக் காப்பாற்றுகிறது. வம்சத்தைக் கருதி வளர்ப்பவர்களுக்கு இது மிகவும் முக்கியமான விஷயம்: தெருச் சேவல்களோடு திரிந்த பெட்டையை நல்ல பெருவிடைச் சேவலோடு இன்று அடைத்துவைத்து, அடுத்த வாரத்து முட்டைகளை அடைக்கு வைத்தால், பிறக்கும் குஞ்சுகளுக்குத் தகப்பன் யாரென்று நிச்சயமாகச் சொல்ல இயலாது. மூன்று வாரம் பொறுத்திருந்து, அதன்பின் இடும் முட்டைகளையே எடுக்க வேண்டும்.

முட்டை இடப்படும்போதே அதனுள் கருவின் வளர்ச்சி தொடங்கிவிட்டது என்பதைப் பலர் அறிவதில்லை. தாயின் உடற்சூட்டில், குழாயில் இருந்த அந்த ஒரு நாளுக்குள், ஓர் உயிரணு பல்லாயிரமாகப் பிரிந்து, மஞ்சட்கருவின்மேல் ஒரு வெண்ணிறப் புள்ளியாகப் படிந்திருக்கிறது. வெளியே வந்து குளிர்ந்ததும் அந்த வளர்ச்சி உறங்கிவிடும். ஏறத்தாழ 20 பாகை செல்சியஸுக்குக் கீழே அது சேதமின்றி ஒரு வாரம் வரை உறங்கும். முதல் முட்டைக்கும் பன்னிரண்டாவது முட்டைக்கும் இடையில் இரண்டு வார வித்தியாசம் இருந்தும், குஞ்சுகள் அனைத்தும் ஒரே நாளில் பொரிப்பது இந்த உறக்கத்தால்தான். ஆனால் நம்முடைய கோடையில் வீட்டுக்குள்ளேயே 33, 34 பாகை நிலவும்போது, கரு முழுவதும் உறங்குவதுமில்லை, முறையாக வளர்வதுமில்லை. அரைகுறையாக வளர்ந்து மடிந்துபோகிறது. அடுப்பங்கரை அலமாரியில் சேர்த்துவைத்த சித்திரை மாதத்து முட்டைகள் பாதிக்குப் பாதி கெட்டுப்போவதற்கு, கோழியின்மேல் குறை சொல்வது நியாயமன்று. ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் முட்டைகளை வைத்து, வாயை மெல்லிய துணியால் மூடி, மணலுக்கு நாள்தோறும் தண்ணீர் தெளித்துவருவது நல்ல முறை; நீர் ஆவியாகும்போது உஷ்ணத்தை எடுத்துச் செல்வதால் உட்புறம் குளிர்ந்திருக்கும். அழுக்கு முட்டையைக் கழுவி வைப்பது தவறு. ஓட்டின்மேல் இயற்கை பூசியிருக்கும் மெல்லிய படலம் கரைந்து, நுண்ணுயிர்கள் உட்புகத் துவாரங்கள் திறந்துவிடும்.

நீண்ட முட்டையில் சேவலும் உருண்டை முட்டையில் பெட்டையும் பிறக்கும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரிஸ்டாட்டில் இதற்கு நேர்மாறாக, நீண்டு கூர்மையான முட்டையில் பெட்டை பிறக்கும் என்று எழுதிவைத்தார். இரண்டும் சரியல்ல. பறவைகளில் குஞ்சின் பாலைத் தீர்மானிப்பது தாய். மஞ்சட்கரு சூலகத்தை விட்டு நீங்கும் தறுவாயிலேயே, அதில் தங்கும் குரோமோசோமைப் பொறுத்து அது முடிவாகிவிடுகிறது. முட்டையின் வடிவமோ அதற்குப் பிறகு குழாயின் நடுப்பகுதியில் சவ்வுகள் சுற்றும்போது ஏற்படுவது. ஆதலால் ஒன்றுக்கொன்று யாதொரு சம்பந்தமும் இல்லை.

அடை வைக்கும் கூடையில் மணலோ உமியோ பரப்பி, அதன்மேல் வைக்கோலைக் குழிவாக அமைத்து, ஒன்பது, பதினொன்று என்று ஒற்றைப்படையில் முட்டைகளை வைப்பது வழக்கம். கோழியின் உடலுக்கு அடியில் முழுவதும் மறையக்கூடிய எண்ணிக்கை எதுவோ அதுவே சரியானது. ஒரு முட்டை வெளியே துருத்திக்கொண்டிருந்தால், கோழி முட்டைகளை இடம் மாற்றி மாற்றி வைக்கும் சுபாவத்தால், ஒவ்வொன்றாக எல்லாமே குளிர்ந்து கெடும். அத்துடன் ஓர் இரும்புத் துண்டையும் அடுப்புக்கரியையும் காய்ந்த மிளகாயையும் வைக்கிறார்கள். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும், இவை அதைத் தடுக்கும் என்பது நம்பிக்கை. இடியோசையால் கரு மடியும் என்று கொள்வதற்கு இடமில்லை. ஆனால் இடியும் மழையுமாகிய நாட்களில் கூரை ஒழுகிக் கூடை நனைவதும், கோழி வெருண்டு எழுந்து ஓடுவதும், முட்டைகள் குளிர்வதும் உண்மையாகவே நிகழக்கூடியவை. இரும்புத் துண்டு வைப்பதை விட, கூடையை நனையாத மூலையில், நாயும் பூனையும் எட்டாத இடத்தில் வைப்பது பயன் தரும்.

இனி அந்த 21 நாட்கள். கோழியின் உடற்சூடு ஏறத்தாழ 41 பாகை. முட்டைக்கு வேண்டியது 37½ பாகை. பொரிப்பகங்களில் நுட்பமான கருவிகளால் காக்கப்படும் இந்த அளவைக் கோழி தன் வயிற்றுத் தோலால் உணர்ந்து, நெருங்கிப் படுத்தும், சற்றே தளர்ந்து எழுந்தும் காத்துவருகிறது. நாளொன்றுக்குப் பல தடவை அலகால் முட்டைகளைப் புரட்டிவிடுகிறது. இவ்வாறு புரட்டாவிட்டால் கரு ஓட்டின் சவ்வோடு ஒட்டிக்கொண்டு உருக்குலைந்துவிடும். பகலில் ஒருமுறை மட்டும் இறங்கி, அவசர அவசரமாக இரையும் நீரும் எடுத்து, எச்சமிட்டு, மண்ணில் புரண்டு, கால் மணி நேரத்துக்குள் திரும்பிவிடும். அந்தச் சிறிய இடைவெளியில் முட்டை கெடாது. கூடைக்குப் பக்கத்திலேயே இரை வைத்துக் கோழியை இறங்கவிடாமல் காப்பவர்கள், அன்பினால் அப்படிச் செய்தாலும், கூட்டை அது அசுத்தப்படுத்துவதற்கே வழி செய்கிறார்கள்.

முட்டையின் உள்ளே நடப்பதை முதலில் முறையாகப் பார்த்து எழுதியவர்களில் அரிஸ்டாட்டில் முக்கியமானவர். கி.மு. நான்காம் நூற்றாண்டில், முட்டைகளை உடைத்துக் கருவின் வளர்ச்சியைத் தொடர்ந்து கவனித்த அவர், மூன்று நாட்கள் கடந்ததும் வெண்கருவினிடையே இரத்தப் புள்ளியாக இதயம் தோன்றித் துடிப்பதைக் குறித்துவைத்தார். 1670களில் இத்தாலியரான மால்பீகி நுண்பெருக்கியைக் கொண்டு அதைவிட முந்திய நிலைகளையும் கண்டார். இரண்டாவது நாளிலேயே அந்த இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது என்பதை இன்று அறிவோம். மூச்சு விடுவதற்கும் உண்பதற்கும் உறுப்புகள் தோன்றும் முன்பே அது தோன்றிவிடுகிறது. அங்கிருந்து இரத்தக் குழாய்கள் மஞ்சட்கருவின்மேல் படர்ந்து உணவைக் கொண்டுவருகின்றன. வேறொரு சவ்வுப் பை வளர்ந்து, ஓட்டின் உட்புறம் முழுவதும் பரவி, பத்தாயிரம் அளவிலான நுண்துளைகளின் வழியே பிராணவாயுவை வாங்கி, கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. பிறக்காத குஞ்சுக்கு நுரையீரல் அதுவே. அதே பை கழிவுகளுக்கும் களஞ்சியமாக இருக்கிறது. பாலூட்டிகளைப் போல யூரியாவாகக் கழித்தால், மூடிய ஓட்டுக்குள் குஞ்சு தன் கழிவாலேயே மாண்டுபோகும். நீரில் எளிதில் கரையாத யூரிக் அமிலமாகக் கழிப்பதால், அது ஒரு மூலையில் படிந்து, பொரித்த பின் ஓட்டோடு நின்றுவிடுகிறது. இந்தப் பையின் தொழில் இத்துடன் முடியவில்லை. குஞ்சின் எலும்புகளுக்கு வேண்டிய சுண்ணச் சத்தில் பெரும் பகுதியை அது ஓட்டிலிருந்தே கரைத்து எடுத்துக் கொடுக்கிறது. அதனால் எலும்பு முற்ற முற்ற ஓடு மெலிகிறது. உள்ளிருப்பது உடைத்துக்கொண்டு வெளிவரத்தக்க வலிமை பெறும் காலமும், சுவர் வலிமை குன்றும் காலமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. தாய் தன் எலும்பிலிருந்து ஓட்டுக்குக் கொடுத்த பொருள், ஓட்டிலிருந்து குஞ்சின் எலும்புக்குச் சென்று சேரும் இந்த ஏற்பாட்டை எண்ணும்போதெல்லாம், உயிரியலில் இதைவிட அழகான கணக்கு வேறொன்று உண்டா என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏழாம் நாள் இரவில், கோழி கலவரப்படாத வண்ணம் முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, டார்ச் விளக்கின் முகப்பில் வைத்துப் பார்த்தால், கரு கூடிய முட்டையில் நடுவே ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால்கள் போல நாற்புறமும் பரவும் செந்நரம்புகளும் தெரியும். ஒன்றுமில்லாமல் ஒரே தெளிவாக இருப்பது கரு கூடாத முட்டை; நரம்புகள் இன்றிச் செவ்வளையம் மட்டும் தெரிவது மடிந்த கரு. இவற்றை அப்புறப்படுத்தினால், அழுகி வெடித்து மற்றவற்றைக் கெடுக்கும் அபாயம் நீங்கும். இரண்டு கோழிகளை ஒரே நாளில் அடை வைத்தவர்கள், எஞ்சிய நல்ல முட்டைகளை ஒன்றின் அடியில் சேர்த்துவிட்டு, மற்றதற்குப் புதியனவற்றை வைக்கலாம்.

பத்தொன்பது, இருபதாம் நாட்களில் முட்டைக்குள் பெரும் மாறுதல்கள் நிகழ்கின்றன. இந்த மூன்று வாரத்தில் முட்டை தன் எடையில் எட்டில் ஒரு பங்களவு நீரை ஆவியாக இழந்திருப்பதால், மொத்தையான முனையிலுள்ள காற்றறை விரிந்திருக்கிறது. குஞ்சு தன் கழுத்தை வளைத்து, அலகால் உட்சவ்வைக் குத்தி, அந்தக் காற்றறையில் தன் முதல் மூச்சை விடுகிறது. எஞ்சிய மஞ்சட்கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. அலகின் நுனியில் இதற்கென்றே முளைத்த கூரிய சிறு முகட்டால், பின்கழுத்தில் இதற்கென்றே தடித்த தசையின் பலத்தால், ஓட்டை உட்புறமிருந்து தட்டித் தட்டி விரிசல் காண்கிறது. ஓட்டுக்குள்ளிருந்தே அது கீச்சிடுவதும், தாய் அதற்கு மெல்லிய குரலில் பதில் கொடுப்பதும் அருகில் காதை வைத்தவர்களுக்குக் கேட்கும். முதல் விரிசலுக்கும் முழுமையாக வெளிவருவதற்கும் இடையில் பல மணி நேரம் செல்லலாம். ஓட்டின் இரத்தக் குழாய்கள் வற்றி முடியும் வரையில் அந்தத் தாமதம் அவசியமானது. இரக்கப்பட்டு ஓட்டைப் பிய்த்துக் குஞ்சை வெளியே எடுப்பவர்கள் பெரும்பாலும் அதை இரத்தம் கசியவைத்துக் கொல்கிறார்கள். பொறுத்திருப்பதே இங்கே இரக்கம். வயிற்றுக்குள் சென்ற மஞ்சட்கரு, பிறந்த குஞ்சுக்கு இரண்டு நாள் உணவாக இருப்பதால், முதலில் பொரித்தது கடைசியில் பொரிப்பதற்காகத் தாயின் அடியில் பட்டினியின்றிக் காத்திருக்க முடிகிறது. பொரிப்பகத்துக் குஞ்சுகளைப் பெட்டிகளில் அடைத்துத் தொலைவூர்களுக்கு அனுப்புவது சாத்தியமாவதும் இதனால்தான்.

குஞ்சுகள் வந்ததும் முட்டையின் ஸ்பரிசம் நின்று, புரோலாக்டின் தாழ்கிறது. ஆனால் குஞ்சுகளின் குரலும் தோற்றமும் தாய்மையைத் தொடர்ந்து தாங்கி நிற்கின்றன. விலைக்கு வாங்கிய ஒரு நாள் குஞ்சுகளை, அடையில் கிடக்கும் கோழியின் அடியில் இரவில் வைத்துவிட்டால், பெரும்பாலும் அது தன்னுடையவையாகவே ஏற்றுக்கொள்வது இந்த நுட்பத்தால்தான். குஞ்சுகளின் தரப்பிலும் இத்தகைய இசைவு உண்டு. 1873இல் டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற ஆங்கிலேயர், பொரித்த சில நாட்களுக்குள் குஞ்சுகள் கண்முன் நகரும் எதையும் தாயாகக் கருதித் தொடர்ந்து செல்வதை விவரித்தார். முதல் வாரத்தில் அவற்றுக்கு ஏறத்தாழ 35 பாகை சூடு வேண்டும். தம் உடற்சூட்டைத் தாமே காத்துக்கொள்ளும் திறமை இரண்டு மூன்று வாரங்களில்தான் முதிர்கிறது. மின்விளக்கு வைத்து வளர்ப்பவர் உயர்த்தியும் தாழ்த்தியும் சரிசெய்யும் அந்தச் சூட்டை, இறக்கையை விரித்தும் ஒடுக்கியும் தாய் கொடுத்துவிடுகிறது. பருந்து தெரிந்தால் ஒருவிதமாகவும், கீரி தெரிந்தால் வேறுவிதமாகவும் கோழிகள் எச்சரிக்கும் என்பதும் ஆராய்ந்து நிறுவப்பட்ட உண்மை. சேவல்களின் இவ்விரு குரல்களை மட்டும் பதிவு செய்து ஒலிக்கவிட்டபோது, முன்னதைக் கேட்ட பெட்டைகள் பதுங்கி வானத்தை நோக்கியதையும், பின்னதைக் கேட்டவை நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்த்ததையும் கிறிஸ்டபர் எவன்ஸும் பீட்டர் மார்லரும் 1993இல் வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட காவல் இருந்தும், முதல் இரண்டு வாரம் பஞ்சாரத்தின் கீழ் குஞ்சுகளை அடைத்து வைப்பதே விவேகம்.

இரை விஷயத்தில் நம் வீட்டு வழக்கங்கள் பெரும்பாலும் பாராட்டத் தக்கவை. கலயத்தில் சாணமும் ஓலையும் இட்டு, தலைகீழாகக் கவிழ்த்துவைத்துக் கரையான் பிடித்துக் குஞ்சுகளுக்குப் போடுவது, வளரும் பருவத்துக்கு வேண்டிய புரதத்தைச் செலவின்றிக் கொடுக்கும் அருமையான முறை. கஞ்சியில் தவிடு பிசைந்து வைப்பதன் மகிமையை உலகம் அறிந்துகொண்டதற்கே காரணம் கோழிதான். 1890களில் ஜாவாத் தீவின் பட்டேவியா நகரில், பெரிபெரி என்னும் நோயை ஆராய்ந்துகொண்டிருந்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மானுடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகள், கால்கள் தள்ளாடி விழும் ஒரு நோய்க்கு ஆளாயின. சில மாதங்களில் தாமாகவே குணமும் அடைந்தன. விசாரித்தபோது, நோய் கண்ட காலத்தில் அவற்றுக்கு இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு போடப்பட்டதும், பிறகு வந்த சமையற்காரர் இராணுவத்து அரிசியைக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டதால் பழைய தீவனமே திரும்பியதும் தெரிந்தன. தீட்டும்போது நீங்கும் தவிட்டில் உயிருக்கு இன்றியமையாத ஏதோ ஒன்று இருக்கிறது என்னும் முடிவுக்கு அந்த ஆராய்ச்சி வழிகோலியது. பிற்காலத்தில் தயாமின் என்று பெயர்பெற்ற வைட்டமின் அது. எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. வெள்ளைச் சோற்றை மட்டும் கோழிக்குப் போடுபவர்கள் இந்த வரலாற்றை நினைக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு வளர்த்த குஞ்சுகளை ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போவது வெள்ளைக்கழிச்சல். இந்தியாவில் 1927இல் குமாவோன் மலைநகரமான ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டதால் ராணிக்கேத் நோய் என்றே நம் கால்நடை மருத்துவர்கள் இதை வழங்குகிறார்கள். இது வைரஸால் வருவது. கழுத்து திருகுவதும், பச்சையும் வெள்ளையுமாகக் கழிவதும் கண்ட பிறகு மருந்தில்லை. மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்துக் கொடுப்பதில் தவறில்லை, ஆனால் அது வைரஸைத் தடுக்காது. முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்தும், எட்டு வார வயதில் போடும் ஊசியும் தடுக்கும். சந்தையிலிருந்து வாங்கிவந்த கோழியை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். அடைக்கோழிக்குச் செய்யும் உபகாரங்களில் தலையாயது இந்த நோய்த்தடுப்பே.

வம்சத்தைத் திருத்துவது பற்றியும் சொல்ல வேண்டும். புறக்கடையில் இருந்துகொண்டே மரபியலைக் கண்ணால் காண்பதற்குக் கோழியைவிட உகந்த பிராணி குறைவு. மெண்டலின் விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதைக் கேம்பிரிட்ஜில் வில்லியம் பேட்சன் 1902இல் காட்டியது கோழிகளின் கொண்டையைக் கொண்டுதான். ரோஜாக் கொண்டையும் பட்டாணிக் கொண்டையும் உடைய இரு தூய இனங்களைச் சேர்த்தால், இரண்டையும் ஒவ்வாத அக்ரோட்டுக் கொண்டை உடைய குஞ்சுகள் பிறக்கின்றன. அவற்றைத் தமக்குள் சேர்த்தால், அடுத்த தலைமுறையில் அக்ரோட்டும் ரோஜாவும் பட்டாணியும், அதுவரை அந்த வரிசையில் தோன்றாத ஒற்றைக் கொண்டையும் 9க்கு 3க்கு 3க்கு 1 என்ற விகிதத்தில் தோன்றுகின்றன. கொண்டையைப் போல இரண்டொரு மரபணுக்களால் அடையுணர்வு தீர்மானிக்கப்படுவதில்லை. ஆயினும் அது பரம்பரையாக வருவது என்பதற்கு லெகார்னே சாட்சி. தேர்வினால் நீக்கக்கூடிய குணத்தைத் தேர்வினாலேயே வலுப்படுத்தவும் இயலும்.

உடல் சிறுத்த சிறுவிடைக் கோழிகள் அடைகாப்பதில் பேர்பெற்றவை; கனத்த பெருவிடைக் கோழி முட்டையை மிதித்து உடைத்துவிடுமென்று அஞ்சி, அதன் முட்டைகளையும் சிறுவிடையின் அடியில் வைப்பவர்கள் உண்டு. ஆனால் ஒரே இனத்துக்குள்ளும் கோழிக்குக் கோழி வித்தியாசம் மிகுதி: பத்தாம் நாளில் சலித்து எழுந்துவிடுவதும் உண்டு, இருபத்தொரு நாளும் அசையாமல் கிடந்து, பொரித்த குஞ்சுகளை மூன்று மாதம் வரை விட்டுப் பிரியாமல் திரிவதும் உண்டு. அடைக்கு எடுக்க வேண்டியவை பின்னதன் முட்டைகளே. அவற்றோடு சேரும் சேவலை ஓரிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வேற்றூரிலிருந்து மாற்றிக் கொண்டுவர வேண்டும்; இல்லாவிட்டால் தகப்பன் மகளோடும் அண்ணன் தங்கையோடும் சேர்ந்து, கருக்கூடும் திறன் குன்றிக் கூமுட்டைகள் பெருகும். எந்தக் கோழியைக் குழம்புக்கு அனுப்புவது, எதைக் கூடைக்கு வைத்துக்கொள்வது என்பதை எடையைப் பார்த்துத் தீர்மானிப்பது இன்றைய வழக்கமாக இருக்கிறது. எத்தனை முட்டை வைத்தோம், எத்தனை பொரித்தது, எத்தனை குஞ்சுகள் இரண்டு மாதம் தாண்டின என்ற மூன்று எண்களை ஒவ்வொரு கோழியின் பேரிலும் சுவரில் கரியால் குறித்துவைத்து, அவற்றைப் பார்த்துத் தீர்மானிப்பவரிடம் நாலைந்து ஆண்டுகளில் நல்ல வம்சம் ஒன்று நிலைத்துவிடும்.